ஊரே சேர்ந்து பப்பை வாங்குவது ஏன்? இங்கிலாந்துக் கிராமத்து நட்பின் கணக்கு

இங்கிலாந்திலிருந்து ஒரே மாதிரியான செய்தி அவ்வப்போது வரும். ஏதோ ஒரு சிற்றூரில் கடைசியாக மிஞ்சியிருந்த பப் மூடப்படுகிறது. ஊர்க்காரர்கள் கூட்டம் போடுகிறார்கள், ஆளாளுக்குப் பங்குப் பணம் கட்டுகிறார்கள், கட்டடத்தை விலைக்கு வாங்கி மறுபடி திறக்கிறார்கள். திறப்பு விழாப் படத்தில் ஓய்வுபெற்ற டீச்சர், விவசாயி, பாதிரியார், இரண்டு நாய்கள் என்று எல்லாரும் நிற்பார்கள். பியர் விற்கும் இடத்துக்கு இத்தனை பாடா என்று நமக்குத் தோன்றும். 'மதுக்கடை' என்று மொழிபெயர்த்துப் படித்தால் தோன்றத்தான் செய்யும்.

2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த அதிகாரப் பரவல் மசோதாவிலேயே இதற்கு இடம் இருந்தது. ஊருக்கு முக்கியமான கட்டடம் விற்பனைக்கு வந்தால் அதை வாங்கும் முதல் உரிமை ஊராருக்கு என்றது அந்த மசோதா. நாடாளுமன்றம் வரை போகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? அந்த ஊர்களில் மனிதர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று தெரிந்தால்தான் இது பிடிபடும்.

முதலில், கிராமம் என்றால் என்ன?

அரசின் புள்ளிவிவரக் கணக்கில் 10,000-க்கும் குறைவான மக்கள் வாழும் குடியிருப்பெல்லாம் ஊரகம்தான். ஆனால் பேச்சு வழக்கில் 'வில்லேஜ்' என்றால் சில நூறு பேர், மிஞ்சினால் ஓரிரண்டு ஆயிரம். தேவாலயம் இருந்தால் வில்லேஜ், இல்லாவிட்டால் ஹாம்லெட் என்பது பழைய அளவுகோல். பல ஊர்களின் பெயர் 1086-இல் எழுதப்பட்ட டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கு ஏட்டிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருக்கும் ஒட்டுறவும் ஆயிரம் வருஷப் பழசு என்று நினைத்துவிடுகிறோம். இங்கேதான் முதல் சறுக்கல்.

பழைய காலத்தில் ஊரைச் சேர்த்துக் கட்டியது வேலை. பலரும் ஒரே பண்ணையில், ஒரே நிலக்கிழாருக்குக் கீழே உழைத்தார்கள். குடியிருந்த வீடும் பல சமயம் பண்ணையாருடையது. வேலை போனால் வீடும் போகும். நெருக்கம் இருந்தது, சந்தேகமில்லை. அதற்கு நட்பு என்று பெயர் வைப்பதுதான் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் டிராக்டர் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது, கூலியாட்கள் நகரத்துக்குப் போனார்கள். காலியான வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கினார்கள். இன்று ஒரே தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸ் இருப்பார், லண்டன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவர் இருப்பார், மூன்றாவது வீடு விடுமுறைக்கு மட்டும் திறக்கும். இவர்களுக்குள் பொதுவான தொழில் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. ஆனாலும் ஒருவர் வீட்டுச் சாவி இன்னொருவரிடம் இருக்கிறது. அது எப்படி?

பழசு போலத் தெரியும், வயது நூறு சொச்சம்

வேலை விட்டுப்போன இடத்தை அமைப்புகள் பிடித்துக்கொண்டன. பழங்காலத்து வழக்கம் போலத் தெரியும் பலவும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் முளைத்தவை.

1. அறுவடைத் திருநாள். தேவாலயத்தில் காய்கறியும் ரொட்டியும் அடுக்கிப் பாட்டுப் பாடும் இந்த விழாவின் இன்றைய வடிவம், 1843-இல் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஹாக்கர் என்ற பாதிரியார் நடத்திய வழிபாட்டிலிருந்து பரவியது.

2. பாரிஷ் கவுன்சில். 'பாரிஷ்' என்ற சொல் இரண்டு விஷயங்களைக் குறிக்கும், அதனால் குழப்பும். ஒன்று, ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் பகுதி. இன்னொன்று, அரசு நிர்வாகத்தின் அடிமட்ட அலகு. 1894-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாவதைத் தனியாகப் பிரித்து, தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலைக் கொடுத்தது. இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள் இருக்கின்றன. குறைந்தது ஐந்து உறுப்பினர்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லை, எழுத்தர் ஒருவருக்கு மட்டும் ஊதியம். வீட்டு வரியோடு சேர்த்து வசூலாகும் சிறு தொகைதான் வருமானம். விளையாட்டுத் திடல், இடுகாடு, பஸ் நிழற்குடை, பெஞ்சு இவையெல்லாம் இவர்கள் பொறுப்பு. புதிய கட்டடத்துக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்லலாம். முடிவெடுப்பது மேலே உள்ள கவுன்சில்.

3. அலாட்மென்ட். காய்கறி பயிரிட ஊர்க்காரர்களுக்குக் குறைந்த வாடகையில் விடும் துண்டு நிலம். 1908-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அடித்தளம். முழு அளவுத் துண்டு ஏறத்தாழ 250 சதுர மீட்டர்.

4. விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற மாதர் சங்கம். ஆங்கிலேயத்தனத்தின் உச்சம் என்று எல்லாரும் நினைக்கும் இது பிறந்தது கனடாவில், 1897-இல். பிரிட்டனில் முதல் கிளை 1915-இல், அதுவும் வேல்ஸில். போர்க்காலத்தில் உணவு உற்பத்திக்குக் கிராமத்துப் பெண்களைத் திரட்டுவது நோக்கம். இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் 1945 வரை, இந்தச் சங்கத்தினர் 5,300 டன்னுக்கும் மேல் பழத்தை ஜாமாகவும் மற்ற வகையிலும் பதப்படுத்தினார்கள். 'ஜாம் பாட்டிகள்' என்ற கேலிக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

5. ஊர் மண்டபம். இதுவும் சுமார் 10,000 உண்டு. முதல் உலகப் போரில் செத்துப்போன பையன்களின் நினைவாக 1918-க்குப் பிறகு கட்டப்பட்டவை கணிசம். அதனால்தான் பல மண்டபங்களின் பெயரில் 'நினைவு' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாரிஷ் கவுன்சில் உலகப் புகழ் பெற்றது 2021 பிப்ரவரியில். செஷயர் பகுதியில் ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சிலின் ஜூம் கூட்டத்தில், கூட்டத்தை நடத்த வந்த ஜாக்கி வீவர் என்ற அதிகாரியைப் பார்த்து, 'உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை' என்று ஒருவர் கத்தினார். அம்மையார் அலட்டிக்கொள்ளாமல் அவரைக் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டார். வீடியோ உலகம் சுற்றியது. ஹேண்ட்ஃபோர்த் மான்செஸ்டரை ஒட்டிய ஊர், வயலும் வரப்புமான கிராமம் இல்லை. ஆனாலும் பார்த்த கிராமத்துக்காரர்கள் பலரும் 'எங்கள் ஊரிலும் இப்படித்தான்' என்று சிரித்தார்கள். பெஞ்சும் நிழற்குடையும் தவிரப் பெரிதாக எதுவும் கையில் இல்லாத சபையில் இவ்வளவு சூடு ஏன்? நாளைக் காலையில் அதே கடை வாசலில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டுமே, அதனால்தான்.

நட்புக்கு ஒரு சாக்கு வேண்டும்

இந்த ஊர்களில் ஒருவரோடு ஒருவர் நேராக 'நண்பராகலாம் வா' என்று போவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு வேலை இருக்க வேண்டும். மண்டபத்துக் கூரை ஒழுகுகிறது, ஆகஸ்ட் விழாவுக்குக் கேக் வேண்டும், தேவாலய மணிகளை அடிக்க ஆறாவது ஆள் இல்லை. அந்த வேலையைப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்பவர்தான் கொஞ்ச காலத்தில் நண்பர். எதிரே உட்கார்ந்து மனம் திறந்து பேசிப் பழகியவர்களுக்கு இது வறட்சியாகப் படும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் கூச்ச சுபாவமுள்ள ஒரு சமூகம் தனக்குத்தானே கண்டுபிடித்துக்கொண்ட நல்ல உபாயம் இது.

'நீங்கள் ஒரு நாள் கட்டாயம் வீட்டுக்கு வர வேண்டும்' என்று அங்கே ஒருவர் சொன்னால், தேதி சொல்லாத வரை அது அழைப்பே இல்லை. வெறும் வணக்கம். புதிதாகக் குடிபோகிறவர்கள் இதை நம்பிக் காத்திருந்து மனம் நோவதுண்டு. அதே மனிதர், 'சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபத்தில் நாற்காலி அடுக்க ஆள் போதவில்லை' என்று சொன்னால், அதுதான் உண்மையான அழைப்பு. போய்விட வேண்டும்.

போனால் என்ன நடக்கும்? மூலையில் பெரிய வெந்நீர் அண்டா கொதித்துக்கொண்டிருக்கும். சுவரில் பெயர்ப் பட்டியல் தொங்கும்: இந்த வாரம் தேநீர் யார், பாத்திரம் கழுவுவது யார், கதவைப் பூட்டுவது யார். பேச்சு வானிலையில் தொடங்கி நாயிடம் வந்து, முழங்கால் வலியைத் தொட்டு, போன மாதம் கணவரை இழந்தவருக்கு இந்த வாரம் யார் சாப்பாடு கொண்டுபோவது என்பதில் முடியும். கடைசி விஷயத்துக்காகத்தான் அவ்வளவு சுற்று. சாப்பாட்டைக் கொண்டுபோகிறவர்களில் பலர் கதவைத் தட்டக்கூட மாட்டார்கள். வாசல்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். துக்கத்தில் இருப்பவர் பேச வேண்டிய கட்டாயம் வரக் கூடாதாம்.

இந்த உறவுகளில் கணக்கு முழுசாகத் தீராது. பப்பில் 'ரவுண்டு' என்ற வழக்கத்தைப் பாருங்கள். நான்கு பேர் போனால் ஒருவர் எழுந்து நான்கு பேருக்கும் வாங்கி வருவார். அடுத்தது இன்னொருவர் முறை. மது வேண்டாம் என்பவருக்கு எலுமிச்சைப் பானம்; அது ஒன்றும் குறைவில்லை. தன் முறை வரும்போது கழிப்பறைக்குப் போகிறவர் பெயர் ஊரெல்லாம் நாறிவிடும். மூன்று ரவுண்டோடு எழுந்தால் நான்காமவர் பாக்கி வைத்திருப்பார்: 'அடுத்த வாரம் நான்.' அந்தப் பாக்கிதான் அடுத்த வாரம் எல்லாரையும் மறுபடி கூட்டி வருகிறது. ஜாம் பாட்டிலும் இதே கதை. ஜாமைத் தின்றுவிட்டுக் காலிப் பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும். வெறும் கையோடு தர முடியாது, நான்கு முட்டையாவது கூடப் போகும். ஆகஸ்டில் சீமைச் சுரைக்காய் காய்த்துத் தள்ளும்போது சொல்லவே வேண்டாம், கேட்காமலேயே வாசலில் வந்து கிடக்கும்.

அப்படியானால் பப் எங்கே வருகிறது?

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் நாள், நேரம், பட்டியல் உண்டு. பப்புக்கு மட்டும் எதுவும் வேண்டாம். குழந்தை, நாய், தாத்தா யாரும் போகலாம். சாப்பிடலாம், சும்மா உட்காரலாம், வினாடி வினாவில் சேரலாம். முன்னறிவிப்பு இல்லாமல் ஒருவரையொருவர் பார்க்க ஊரில் இருக்கும் இடங்கள் இரண்டே: கடை, பப். கடையோடு இருந்த தபால் நிலையங்களில் பலவும் போயின. 2007 முதல் 2009 வரை மட்டும் நாடு முழுக்க சுமார் 2,500 கிளைகள் மூடப்பட்டன.

பப்புகள் சாவதற்குக் காரணம் ஒன்றல்ல. 1967-இல் குடித்துவிட்டு ஓட்டுவோரை ஊதச் சொல்லும் சட்டம் வந்தது. காரில் வந்தவர்கள் குறைந்தார்கள். நல்ல சட்டம், அதில் மறுபேச்சில்லை. 2007 ஜூலையில் உள்ளே புகைக்கத் தடை. சூப்பர்மார்க்கெட்டில் பியர் மலிவு. எல்லாவற்றையும் விட, அழகான ஊரில் பப் நடத்தி வரும் லாபத்தை விட அதே கட்டடத்தை வீடாக மாற்றி விற்றால் கிடைக்கும் தொகை அதிகம். இதற்குக் கொஞ்சம் கடிவாளம் 2017-இல் வந்தது: பப்பை இடிக்கவோ வேறு உபயோகத்துக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயமானது.

ஊரார் வாங்குவதற்கு வழி திறந்தது 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். அது வேலை செய்யும் விதம்:

1. பாரிஷ் கவுன்சிலோ, வாக்காளர் பட்டியலில் உள்ள குறைந்தது 21 பேர் கொண்ட குழுவோ, 'இந்தக் கட்டடம் ஊருக்கு மதிப்புள்ள சொத்து' என்று மேல் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கலாம்.

2. ஏற்றுக்கொண்டால் ஐந்து வருஷத்துக்குப் பட்டியலில் பெயர் இருக்கும்.

3. சொந்தக்காரர் விற்க நினைத்தால் அறிவிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் ஊர்க் குழு 'எங்களுக்கு விருப்பம்' என்று சொன்னால், அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதம் வெளியாருக்கு விற்பனை நிற்கும்.

4. அந்த ஆறு மாதத்தில் பணம் திரட்ட வேண்டும். திரட்டினாலும் சொந்தக்காரர் ஊருக்குத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நான்காவதில்தான் ஓட்டை. 2025 மசோதா அடைக்கப் பார்த்தது இதைத்தான்: அவகாசத்தை 12 மாதமாக்கி, முதல் உரிமையையும் ஊருக்கே கொடுப்பது.

பணத்துக்கு வழி 'சமூக நலச் சங்கம்' என்ற கூட்டுறவு வடிவம். பங்கு வாங்கலாம், ஆனால் அதை வெளியில் விற்க முடியாது. ஒருவர் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒரே ஓட்டு. பணக்காரப் புதுக் குடித்தனக்காரரும் பழைய டிராக்டர் டிரைவரும் ஒரே எடை. இந்த விதி இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு ஓர் ஊரிலும் தேறியிருக்காது என்று நினைக்கிறேன்.

சட்டத்துக்கு முன்பே செய்துகாட்டியவர்களும் உண்டு. கம்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற ஊரில் 'ஓல்ட் கிரவுன்' பப்பை நூற்றுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து 2003-இல் வாங்கினார்கள். பிரிட்டனின் முதல் கூட்டுறவு பப் அதுதான். வடக்கு யார்க்‌ஷயரில் ஹட்ஸ்வெல் என்ற சின்ன ஊரின் 'ஜார்ஜ் அண்ட் டிராகன்' 2008-இல் மூடியது. 2010-இல் ஊரார் வாங்கித் திறந்தார்கள். வாங்கியவர்கள் பியரோடு நிற்கவில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் சின்னக் கடை, நூலகம், ஊர்க்காரர்கள் பயிரிடத் தோட்டத் துண்டுகள் எல்லாம் அதே வளாகத்தில் வந்தன. பால் வாங்க வருபவர், புத்தகம் மாற்ற வருபவர், வெங்காயம் பிடுங்க வருபவர் என்று எல்லாருக்கும் ஒரே கதவு. பியர் நுகர்வோர் அமைப்பான கேம்ரா, 2016-க்கான நாட்டின் சிறந்த பப் என்று அதைத் தேர்ந்தெடுத்தது.

எத்தனை கை வேண்டும்?

நட்பு அமைப்புகளின் மேல் நிற்கிறது என்றால், அமைப்புகள் ஆள் எண்ணிக்கையின் மேல் நிற்கின்றன. கிரிக்கெட் அணிக்கு 11 பேர். கவுன்சிலுக்கு 5. தேவாலயக் கோபுரத்தில் ஆறு மணிகள் தொங்கினால் அடிக்க ஆறு பேர். மண்டபத்துக்குப் பொருளாளர், செயலாளர், சாவி வைத்திருப்பவர். எந்த ஊரில் விசாரித்தாலும், 'எல்லாவற்றையும் செய்வது அதே பத்துப் பதினைந்து பேர்தான்' என்ற அலுப்பு காதில் விழும்.

அதனால் இரண்டாம் வீட்டுப் பிரச்சினை வாடகை, விலை பற்றியது மட்டும் இல்லை. கடலோரக் கார்ன்வாலில் குளிர்காலத்து மாலையில் தெருவில் நடந்தால் ஜன்னல் ஜன்னலாக இருட்டு. ஜூலையில் வருபவர் நல்லவராகவே இருக்கட்டும், நவம்பர் மாதக் கூட்டத்துக்கு வர மாட்டார், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப மாட்டார். செயின்ட் ஐவ்ஸ் என்ற சிறு நகரம் 2016-இல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கே என்ற திட்டத்தை 80 சதவீதத்துக்கும் மேலான ஆதரவோடு ஏற்றது. பழைய வீடுகளை அது தொடவில்லை, தொடவும் முடியாது. 2025 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்கு வீட்டு வரியை இரட்டிப்பாக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் வந்திருக்கிறது.

யார் ஊர்க்காரர்?

இதுவரை படித்துவிட்டு எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். யார்க்‌ஷயரில் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்கு 'ஆஃப்கம்டன்' என்று பெயர். இருபது வருஷம் இருந்தாலும் அது உதிராது. கார்ன்வாலில் சுற்றுலாக்காரருக்கு 'எம்மெட்', அதாவது எறும்பு.

எசெக்ஸில் எல்ம்டன் என்ற ஊரில் 1962-இல் மானுடவியலாளர் ஆட்ரி ரிச்சர்ட்ஸ் மாணவர்களோடு ஆய்வு தொடங்கினார். அந்தத் தரவுகளை வைத்து மேரிலின் ஸ்ட்ராதர்ன் பிறகு விரிவாக எழுதினார். அங்கே 'உண்மையான எல்ம்டன்காரர்கள்' என்று ஊர் ஒப்புக்கொண்டது சில குடும்பங்களை மட்டும். ஊரில் பிறந்தால்கூடப் போதாது, அந்தக் குடும்பப் பெயர் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அமைப்புகளில் ஓடியாடி வேலை பார்க்க முன்வருவது பல ஊர்களிலும் புதிதாக வந்தவர்கள். பழையவர்களுக்குத் தாங்கள் ஊர்க்காரர்கள் என்று நிரூபிக்கத் தேவை இல்லை; வந்தவர்களுக்குத்தான் சாக்கு வேண்டும்.

உரசல் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. டர்ஹம் மாவட்டத்தில் லின்ட்ஸ் என்ற ஊரின் கிரிக்கெட் மைதானத்தை ஒட்டிப் புது வீடுகள் வந்தன. 70 வருஷமாக ஆட்டம் நடந்த இடம். சிக்ஸர் அடித்த பந்துகள் தோட்டத்தில் விழுகின்றன என்று ஒரு தம்பதியினர் வழக்குப் போட்டு, ஆட்டத்துக்குத் தடையும் வாங்கினார்கள். 1977-இல் மேல்முறையீட்டில் நீதிபதி டென்னிங், கோடையில் கிராமத்துக் கிரிக்கெட் எல்லாருக்கும் ஆனந்தம் என்று தொடங்கித் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மை நீதிபதிகள் இடைஞ்சல் இடைஞ்சல்தான் என்றார்கள். ஆனால் தடை நீக்கப்பட்டது, 400 பவுண்ட் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. சட்ட மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். தீர்ப்புக்குப் பிறகும் அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் எப்படி முகம் பார்த்துக்கொண்டார்கள் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

பெட்டி ஒன்று மிஞ்சினாலும்

பப்பும் கடையும் போன ஊரில் வேறு என்ன செய்கிறார்கள்? சாமர்செட்டில் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் ஊருக்கு வந்துகொண்டிருந்த நடமாடும் நூலகம் நின்றுபோனது. 2009-இல் அங்குள்ள சிவப்பு டெலிபோன் பூத்தை 1 பவுண்ட் கொடுத்து வாங்கி, உள்ளே தட்டு அடித்து நூலகமாக்கினார்கள். ஒரு புத்தகம் வைத்தால் ஒரு புத்தகம் எடுக்கலாம். உள்ளே ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது பேச்சு வரும். வேறு ஊர்களில் இதே பூத்துக்குள் மாரடைப்பு வந்தவருக்கு உதவும் மின்னதிர்வுக் கருவி தொங்குகிறது. அதன் பச்சை விளக்கு எரிகிறதா, பேட்டரி சரியாக இருக்கிறதா என்று யாராவது தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கும் பெயர்ப் பட்டியல் உண்டு.